எழுத்தும் படமும்

(கண்டாவளைத் தமிழாசிரியன் ஒருவனின் அனுபவம்)

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கிய நயம் ஒன்றை எழுதி அனுப்புவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். சங்கச் செய்யுளின் சுவையும் காப்பியங்களின் சிறப்பும் என்னினும் வல்லவரால் இம்மலரிலே எழுதப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகையால், யான் வாரந்தோறும் செய்து வருகின்ற, ஆயினும் இத்தகைய மலர்களில் அதிகம் பேசப்படாத கருமம் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். நாட்டுப்புறப் பாடசாலை மாணாக்கருக்கு வரைகலை வடிவமைப்பையும் காணொளி ஆக்கத்தையும் கற்பித்தலே அக்கருமம். சுவரொட்டி, அழைப்பிதழ், நூலட்டை, நினைவு மலர், மூன்று நிமிடப் படம் என்பவற்றை மாணாக்கர் தாமே ஆக்கப் பழக்குதல் என்று அதனைச் சொல்லலாம். இது கணினி ஆசிரியரின் வேலையன்றோ, தமிழ் உபாத்தியாயருக்கு இதில் என்ன அலுவல் என நண்பர் சிலர் வினவியதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக இக்கட்டுரை அமைகின்றது.

முதற்கண் இடத்தைச் சொல்லுதல் முறை. ஏ-9 வீதியாற் பிரயாணஞ் செய்யும் பழைய மாணவர் யாவரும் பரந்தன் சந்தியை அறிவர். அவ்விடத்திற் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியிற் சிறிது தூரஞ் சென்று, வடபுறமாக உள்ளே திரும்பினால் கண்டாவளையை அடையலாம். கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்பவற்றோடு சேர்ந்து கிளிநொச்சி மாவட்டத்தை ஆக்கும் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்றுக்கு இவ்வூரே தன் பெயரைத் தந்துள்ளது. இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு இப்பிரிவின் வயல்களை ஊடறுத்து வடக்கே கடனீரேரியிற் கலக்கின்றது. நெல்லும் பனையும் கால்நடையும் எம்மூரார் செல்வம். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கலுக்கு மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் அடியவர் வந்து கூடுவர். 

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இம்மாவட்டத்து மக்கள் வீடு வாசலை விட்டு, இடம் மாறி இடம் மாறிக் கிழக்கே பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. முகாம்களிலே காலங் கழித்துத் திரும்பி வந்தவர் வேலியடைத்தனர், கிணறு இறைத்தனர், மீண்டும் விதைத்தனர். ஆயினும் திரும்பி வராத பொருள்கள் சில உள. அவற்றுள் ஒன்று குடும்பப் படங்கள். கலியாணப் படம், ஏடு தொடக்கிய படம், பாடசாலைக் குழுப்படம், இறந்த மூத்தோரின் மாலையிட்ட படம் என்றிவை பெட்டியோடும் வீட்டோடும் போய்விட்டன. இன்று என் வகுப்பிலிருந்து கற்கும் பிள்ளைகள் போர் முடிந்தபின் பிறந்தவர். தம் தாய் தந்தையரின் சிறு பிராய முகத்தை ஒருமுறையேனும் கண்டிராதவர் அவர்களுட் பலர். படம் என்றால் என்ன என்பதைக் கற்பிக்கப் புகும் ஆசிரியன் இதனை மறத்தலாகாது.

நிற்க. இலங்கைப் பாடசாலைகளில் இக்கலைக்கு இடம் இல்லாமலில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் சாதாரண தரப் பரீட்சைக்கு மாணாக்கர் தெரிந்தெடுக்கத்தக்க பாடங்களாக உள்ளன. சித்திரம் நெடுங்காலமாக உண்டு. 2017ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களுள் வரைகலை வடிவமைப்பும் ஒன்று. ஆனால், சிறிய பாடசாலைகள் பலவற்றுக்கு அத்திட்டமும் எட்டுவதில்லை. அதற்கெனப் பயின்ற ஆசிரியரும் எட்டுவதில்லை. அங்கே அழைப்பிதழ் எழுதுபவனும், தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குபவனும், மேடைப் பதாகைக்கு வாசகம் எழுதிக் கொடுப்பவனும் தமிழாசிரியனே. ஆகவே, பாடசாலை முடிந்தபின் வாரம் ஒரு நாள் கூடும் மன்றமாக இதனை யான் தொடங்கினேன். எம்மிடம் இருந்தவை இயங்கக்கூடிய இரண்டு கணினிகளும், ஆசிரியர் இருவரின் கையடக்கத் தொலைபேசிகளும், நிறையப் பழந்தாள்களுமே.

முதல் மாதம் முழுவதும் கணினியைத் திறப்பதில்லை என்பது எம் மன்றத்தின் வழக்கம். மாணாக்கரை வீதிக்கு அழைத்துச் சென்று, மின்கம்பங்களிலும் மதில்களிலும் ஒட்டப்பட்டிருப்பவற்றைப் படிக்கச் செய்வேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பொதுமக்கள் மிகுதியாகக் காணும் வரைகலைப் படைப்பு எது? மரண அறிவித்தலே அது. அதற்கடுத்தவை கோயில் திருவிழாப் பிரசுரமும் தனியார் வகுப்பு விளம்பரமும். மரண அறிவித்தலை நூறு முழத்துக்கு அப்பாலிருந்து காணும் ஒருவர் முதலில் அறிய விரும்புவது யாது? இறந்தவர் யார் என்பது. பின்னர் கிரியை எப்பொழுது, எவ்விடத்தில் என்பது. உறவினர் வரிசை அதன் பிறகே வேண்டும். ஆனால் ஒட்டப்பட்டவற்றுட் பலவற்றில் உறவினர் பெயர்களே இடத்தை நிறைத்துக்கொள்ள, கிரியை நேரம் அடியிற் பொடியெழுத்தாய்க் கிடக்கும். எது பெரிதாக வேண்டும், எது சிறிதாகலாம், எதனை விட்டுவிடலாம் என்று பிள்ளைகள் தாமே வாதிட்டு, அதே அறிவித்தலைப் பழந்தாளிற் கரியாற் புதிதாய் எழுதுவர்.

இங்கேதான் தமிழாசிரியனின் அலுவல் தொடங்குகின்றது. சுவரொட்டியின் குற்றம் பெரும்பாலும் நிறத்திலன்று, சொல்லிலேயே கிடக்கின்றது. டெங்கு நுளம்பைப் பற்றிச் சுவரொட்டி எழுதுமாறு சொன்னால், ஒன்பதாந் தர மாணவன் கட்டுரை ஒன்றையே எழுதித் தருகின்றான். இருபது சொல்லைப் பத்தாக்கு, பத்தை ஐந்தாக்கு என்று குறைத்துச் செல்லும்போது எச்சொல் வினையை உடையது, எச்சொல் வெறும் அணி, எவ்விகுதியை நீக்கினாற் பொருள் கெடும் என அவன் ஆராய வேண்டியவனாகின்றான். வகுப்பிலே இலக்கணமாகக் கற்ற எழுவாயும் பயனிலையும் அங்கே பயன்படு பொருளாகின்றன. திருக்குறள் ஏழு சீரில் நின்றுவிடுவதன் அருமையைப் பரீட்சைக்காகப் பலமுறை விளக்கியிருக்கின்றேன். ஐந்து சொல்லிலே நுளம்பை ஒழிக்க முயன்று வியர்த்த பிள்ளைக்கு அவ்விளக்கம் வேண்டியதில்லை.

சொல்லுக்கு அடுத்தது எழுத்து. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்திலே கரும்பலகையில் நேராகவும் ஒரே அளவாகவும் எழுதப் பழகினோம். அப்பழக்கம் இப்பொழுது கைகொடுக்கின்றது. ஆங்கில எழுத்துக்கென வகுக்கப்பட்ட இடைவெளிகள் தமிழுக்குப் பொருந்துவதில்லை. இகர ஈகாரக் குறிகள் மேலே எழுவன. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குவன. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் ஊகாரமும் கீழ்வரியின் ஈகாரமும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். எழுத்தை அளவுக்கு மிஞ்சித் தடிப்பாக்கினால் ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் வளைவும் மையால் நிரம்பிக் கரும்புள்ளிகளாய்விடும். அன்றியும் தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ஒரு சொல்லை எவ்விடத்தில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்பதைப் புணர்ச்சி விதி அறிந்தவனே செம்மையாகச் சொல்லுவான்.

கணினியைத் திறந்தவுடன் வரும் இடர் வேறொன்று. எம்மவர் அச்சகங்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் எழுத்துரு பாமினி. அதிலே தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் மேல் முகமூடிபோல் ஏற்றப்பட்டுள்ளன. ஒருங்குறி முறையோ அத்தகையதன்று. அதிலே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனக்கேயுரிய எண் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. இவ்வேறுபாட்டை விளக்க யான் ஓர் எளிய பரிசோதனையைச் செய்வதுண்டு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்துவிட்டு, அவ்வெழுத்துருவை நீக்கிக் காட்டுவேன். திரையில் எஞ்சுவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பிள்ளைகள் சிரிப்பர்; பின்னர் சிந்திப்பர். இருபது ஆண்டுகளாகக் கணினியில் அடித்து வைத்த ஊர்ச் சரித்திரம் ஒன்று, எழுத்துரு இல்லாத வேறொரு கணினியைச் சேர்ந்தவுடன் பொருளற்ற குவியலாகின்றது என்பதை அவர்கள் கண்ணாற் கண்டறிந்தனர். அன்றுமுதல் எம் மன்றத்தில் ஒருங்குறியே வழக்கு. அச்சகத்தார் பாமினி கேட்டால் மட்டும் பிரதியொன்றை மாற்றிக் கொடுப்போம்.

இத்தொடர்பிலே பழைய விழா மலர்களும் எமக்குப் பாடநூல்களாயின. 2005ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் பல படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைத் திரையிற் காட்டியபொழுது, துதிக்கைபோல் முன்னே கொம்பு நீட்டிய பழைய ‘னை’, ‘லை’ எழுத்துகளைப் பிள்ளைகள் வேறொரு மொழியோ என்று வியந்தனர். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியதும், காலப்போக்கில் நம் நாட்டு அச்சிலும் அது பரவியதும் அப்பொழுது பாடமாயின. ஈயத்தில் வார்த்த எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, இடம் வலம் மாறிய வடிவிலேயே படித்துக் கோத்த அச்சுக்கோப்பாளரின் உழைப்பையும் எடுத்துரைத்தேன். இரு நிறத்தில், ஒரேயொரு இலச்சினையோடு, நிறைய வெற்றிடம் விட்டு அமைந்த அம்மலர்களின் அட்டைகள் இன்றும் கண்ணுக்கு இனியனவாய் இருப்பதன் காரணத்தை ஒரு மாணவி சொன்னாள்: “சேர், அவைக்கு நிறம் குறைவு. அதாலை யோசிச்சிருக்கினம்.” அவ்விடையை யான் கரும்பலகையில் எழுதி வைத்தேன்.

இனி, இக்கல்வியின் பாரத்தை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். எம்மவரிடையே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. ‘கல்வெட்டு’ என்றும் அதனை அழைப்பர். மன்றத்து மாணவி ஒருத்தியின் அம்மம்மா காலமானார். நினைவு மலரின் அட்டைக்குப் படம் வேண்டும். வீட்டிலிருந்தது தேசிய அடையாள அட்டையிலுள்ள பெருவிரல் நகத்தளவான கறுப்பு வெள்ளைப் படம் மாத்திரமே. இடம்பெயர்ந்த காலத்தில் எம்மவர் அனைத்தையும் விட்டபோதும் அடையாள அட்டையை மட்டும் மடியிற் கட்டிக் காத்தனர். ஆகவே பல குடும்பங்களில் மூத்தோர் முகம் எஞ்சியிருப்பது அந்த அட்டையிலேதான். பிள்ளைகள் அதனைப் பெருப்பித்தனர். பின் உற்சாகம் மேலிட்டு, நிறங் கொடுத்து, வேறொரு படத்திலிருந்து பட்டுச்சேலையும் நகையும் எடுத்துப் பொருத்தி, பின்னணியிற் பூந்தோட்டமும் அமைத்தனர். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

மாணவி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னர் மெதுவாகச் சொன்னாள்: “சேர், அம்மம்மா பட்டுச்சீலை உடுத்து நான் ஒருநாளும் காணேல்லை. இது வேற ஆரோ மாதிரிக் கிடக்கு.”

அதற்குமேல் அவ்வகுப்பில் யான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் சேலையை நீக்கினர், தோட்டத்தை நீக்கினர். நிறத்தையும் நீக்கினர். அட்டையின் மடிப்பால் நெற்றியில் விழுந்திருந்த கோட்டையும், ஈரம் பட்ட கறையையும் மட்டும் இரண்டு நாள் இருந்து, புள்ளி புள்ளியாகத் துடைத்தனர். அம்மலர் சாம்பல் நிற அட்டையில், முகமும் பெயரும் இரு ஆண்டுகளும் மட்டும் தாங்கி வெளியாயிற்று. அழுக்கை நீக்கலாம், ஆளை மாற்றலாகாது என்பது அன்றுமுதல் எம் மன்றத்தின் விதி. வரைகலையின் கருவிகள் யாவும் மாற்றுவதற்கே வல்லன. எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்பதை எந்தக் கருவியும் கற்பிப்பதில்லை.

காணொளிப் பயிற்சியைப் பற்றியும் விரித்துரைத்தல் வேண்டும். எம் மாணாக்கர் எடுத்த முதற் படம் வெள்ளத்தைப் பற்றியது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்தியது. அதன் நீரே இப்பகுதியை நெற்களஞ்சியமாக்கியது. அதே நீர் 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பிற்பகுதியிற் பெருமழையோடு சேர்ந்து வான்கதவுகளால் இறங்கி, கண்டாவளைப் பிரிவின் வீடுகளையும் வயல்களையும் மூடியது. பல வீட்டுச் சுவர்களில் நீர் ஏறிய கோடு நெடுங்காலம் தெரிந்தது. அக்கோடுகளை அளந்து, வீட்டாரின் வாய்மொழியைக் கேட்டு மூன்று நிமிடப் படம் ஆக்குவது எனத் தீர்மானித்தோம்.

செய்முறையைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றேன். பிற பாடசாலை ஆசிரியருக்கு உதவக்கூடும். முதலிற் பழந்தாளை ஆறு கட்டங்களாய் மடித்து, கட்டத்துக்கு ஒரு காட்சியாகக் கோட்டுச் சித்திரம் வரைதல். அதனைக் கதைப்பலகை என்போம். ஊர் தெரியத் தூரக் காட்சி, ஆள் தெரிய இடைக் காட்சி, கை தெரிய அண்மைக் காட்சி என மூன்றையும் கலந்து அமைத்தல். தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து, ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடி அசையாது எடுத்தல். முக்காலி இல்லாவிடத்து மணல் நிரப்பிய துணிப்பையைச் சைக்கிள் இருக்கையின் மேல் வைத்து அதிற் கருவியைப் பதித்தல். வன்னிக் காற்று ஒலிவாங்கியிற் புகுந்து பேச்சை விழுங்கிவிடும். ஆகவே இரண்டாவது தொலைபேசியொன்றைப் பேசுபவரின் மடியில் வைத்து ஒலியைத் தனியே பதிதல். உச்சி வெயிலில் முகத்திற் கருநிழல் விழுவதால் காலையிலும் மாலையிலும் மட்டும் எடுத்தல். இவ்வாறு சேர்ந்த நாற்பது நிமிடத்தை மூன்றாக்குவதே பெரும் பணி. ஐந்து சொற் சுவரொட்டியிற் பழகிய கை அங்கே உதவுகின்றது.

அப்படத்துக்காக வயது முதிர்ந்த தாயொருவர் பேசினார். வெள்ளத்திற் போன மாடுகளைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டார். எடுத்து வந்த மாணவர் மகிழ்ச்சி பொங்க, “சேர், இதுதான் திறமான கட்டம், இதை முதலிலை போடுவம்” என்றனர். அவரிடம் அதனைக் காட்டி உத்தரவு பெற்றுக்கொண்டு வருமாறு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, “அழுகிறதை விடுங்கோ பிள்ளையள். மாடுகளைப் பற்றி நான் சொன்னதைப் போடுங்கோ” என்றாராம். ஆகவே அழுகை நீக்கப்பட்டது. பசு ஒவ்வொன்றையும் அவர் பெயர் சொல்லி, நிறஞ் சொல்லி, எது எத்தனை கன்று ஈன்றது எனக் கணக்குச் சொல்லும் பகுதி எஞ்சியது. பாடசாலை மண்டபத்தில் அதனைத் திரையிட்டபொழுது கூடியிருந்த ஊரார் அசையாதிருந்து கேட்டனர். அழுகையை வைத்திருந்தால் எம்மைப் பார்த்து இரங்கியிருப்பர். கணக்கை வைத்ததால் எது போயிற்று என்பதை அறிந்தனர்.

இதனைக் கற்பித்தலே என் நோக்கம். இம்மண்ணின் மக்கள் பலரால் படம் பிடிக்கப்பட்டவர்கள். செய்திக்காக எடுத்தனர், நிவாரணத்துக்காக எடுத்தனர், பார்க்க வந்தவரும் எடுத்தனர். அவருள் நல்லெண்ணம் உடையோர் பலர்; அவரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. ஆயினும், எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டியவர் மிகச் சிலர். இதைப் போடலாமா என்று கேட்டவர் அவரினும் சிலர். கிழிந்த சட்டையோடு வரிசையில் நின்ற சிறுவன் இன்று தந்தையாகியிருப்பான். தன் முகம் எந்த நாட்டில், எந்த அறிக்கையின் அட்டையில் உள்ளதென அறியான். அத்தகையோரின் பிள்ளைகள் கையிற் கருவியைக் கொடுக்கும்போது, பிறர் செய்ததையே திருப்பிச் செய்யவா கொடுக்கின்றோம்? கேட்டு எடுத்தல், காட்டிப் போடுதல், மறுத்தால் விடுதல் என்னும் மூன்றையும் ஒளி, ஒலி, வெட்டு என்பவற்றுக்கு முன் கற்பிக்கின்றேன்.

வரலாற்றை நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். 1895இல் பாரிஸ் நகரத்தில் லூமியர் சகோதரர் மக்களுக்குத் திரையிட்ட முதற் படங்களுள் ஒன்று, அவர்களது சொந்தத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சி. கருவி முதலாளியின் கையில் இருந்தது. தொழிலாளர் கடந்து சென்றனர். அவர்கள் பெயரைப் படம் சொல்லவில்லை. நம் நாட்டிலே நாவலர் பெருமான் செய்தது யாது? மிஷனரிமாரின் அச்சியந்திரங்கள் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யக் கண்டவர் அவர். 1841இல் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியிருந்தது. பேர்சிவல் பாதிரியாரின் வேத மொழிபெயர்ப்புக்கு உதவியவரும் அவரே. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த அவர், அடுத்த ஆண்டே சென்னைக்குச் சென்று தமக்கென அச்சியந்திரம் ஒன்றை வாங்கினார். பிறர் யந்திரத்தை வைதுகொண்டிருக்கவில்லை. பிறர் அச்சிடுவதற்குக் காத்திருக்கவுமில்லை. பாடசாலையும் யந்திரமும் ஒன்றையடுத்து ஒன்றாய் வந்ததன் கருத்தை இந்துக் கல்லூரியொன்றிற் கற்ற எவருக்கும் யான் விளக்க வேண்டியதில்லை. இன்று அந்த யந்திரம் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் கிடக்கின்றது. வித்தியாசாலை அதனோடு கூட வருமா என்பதே கேள்வி.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். தொலைபேசியாற் கெட்ட பிள்ளைகளுக்கு மேலும் தொலைபேசியா என்று பெற்றோர் கேட்கின்றனர். அவ்வச்சம் நியாயமானது. பெண் பிள்ளைகளின் படம் ஊரெல்லாம் பரவினால் என்னாகும் என்பது அதனினும் நியாயமான அச்சம். ஆகவே எம் படங்கள் பாடசாலை மண்டபத்திலே திரையிடப்படுவன, இணையத்தில் ஏற்றப்படுவதில்லை. பெற்றோரின் கையெழுத்தின்றி எப்பிள்ளையின் முகமும் எப்படத்திலும் இராது. தொலைபேசியைப் பொறுத்தவரை, பத்து விநாடிக் காட்சி ஒன்றுக்காக அரைநாள் வெயிலில் நின்ற பிள்ளை, பிறகு திரையில் ஓடும் எதனையும் வாய் பிளந்து பார்ப்பதில்லை. இது எங்கே வெட்டப்பட்டது, யார் எடுத்தார், ஏன் எடுத்தார் எனக் கேட்கத் தொடங்குகின்றது. பரீட்சைப் பெறுபேற்றை இது உயர்த்துமா என அதிபர்மார் கேட்பர். கட்டுரை எழுத அஞ்சிய பிள்ளைகள் சிலர் படத்துக்கு விளக்கவுரை எழுதியே எழுதப் பழகினர் என்பதை மட்டும் யான் அறிவேன்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு என்னும் புதுமை வந்துள்ளது. சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தருகின்றது. வன்னிக் கிராமம் ஒன்றை வரைக என்று மாணவன் ஒருவன் கேட்டான். பச்சை மலையும், அருவியும், சிவந்த ஓட்டு வீடுகளும் நிறைந்த அழகிய சித்திரம் வந்தது. “பனை எங்கை?” என்றான் பக்கத்திலிருந்தவன். “குளக்கட்டு எங்கை?” என்றாள் மற்றொருத்தி. யந்திரத்தை யான் இகழவில்லை. நம் ஊரின் படங்கள் அது கற்ற குவியலிற் போதிய அளவு இல்லையாதலின், வேறு ஊர்களைக் கொண்டு அது இட்டு நிரப்புகின்றது. பட்டுச்சேலை உடுத்திய அம்மம்மாவின் கதையே இதுவும். நம் ஊரை உள்ளபடி எடுத்து, பெயரிட்டு, தேதியிட்டு வைப்பார் நம்முள் இல்லாவிடின், நாளை நம் பேரப்பிள்ளைகள் அருவிக் கரையிலே தம் பூர்வீகத்தைத் தேட நேரிடும்.

பழைய மாணவர்காள்! விழா மலரிலே எழுதுவோர் கையேந்தாமல் முடித்தல் மரபன்று. யானும் மரபை மீறேன். ஆயினும் யான் முதலிற் கேட்பது பொருளன்று. கணினிகளை வழங்கிய நல்லோர் பலர். அவை பழுதுற்றபோது திருத்துவார் இன்மையால் உறையிட்டு மூலையில் வைக்கப்பட்டுள்ளவை வன்னிப் பாடசாலைகளிற் சில. ஆகவே யந்திரத்தோடு மனிதரும் வருக. உங்களுள் அச்சக உரிமையாளர் உளர், ஒளிப்படக் கலைஞர் உளர், தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் பணியாற்றுவோர் உளர். விடுமுறையில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு நாளை எமக்குத் தருக. பரந்தன் சந்தியிற் பேருந்தை விட்டு இறங்கினாற் போதும்; பிள்ளைகள் சைக்கிளோடு நிற்பர்.

இரண்டாவது வேண்டுகோளே முதன்மையானது. போருக்கு முன்னர் எம்மூரார் கலியாணப் படங்களையும் பிறந்தநாட் படங்களையும் தபாலில் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பி வைத்தனர். இங்கிருந்த பிரதிகள் அழிந்தன; அங்கே போனவை அழியவில்லை. லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உங்கள் அலுமாரிகளின் அடித்தட்டில் உள்ள சப்பாத்துப் பெட்டிகளில் அவை இன்றும் கிடக்கின்றன. தயவு செய்து அவற்றை எடுங்கள். அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி என்னும் அளவில் வருடிப் பிரதி செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுத்து ஏதேனும் இருந்தால் அதனையும் வருடுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை மூத்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு ஒருங்குறித் தமிழில் எழுதுங்கள். அலங்கரிக்க வேண்டாம், நிறம் ஏற்ற வேண்டாம். அப்படியே அனுப்புங்கள். கறையைத் துடைக்கும் கைகள் கண்டாவளையில் உள்ளன. உரியவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் உத்தரவு பெற்று, அச்சிட்டுச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக் கொடுப்பதை எம் மன்றத்துப் பிள்ளைகள் தம் பொறுப்பாக ஏற்றுள்ளனர்.

இதுவரை அவ்வாறு திரும்பி வந்தவை பதினொரு படங்கள். அவற்றுள் ஒன்றிலே, பத்தாந் தர மாணவன் ஒருவனின் தந்தையார் ஏழு வயதுச் சிறுவனாய், தலையில் எண்ணெய் வழிய, ஒரு காற்சப்பாத்தின் நாடா அவிழ்ந்தபடி நிற்கின்றார். மகன் தகப்பனை அந்த வயதிற் கண்டது அதுவே முதல் தடவை.

எனக்கு எழுத்தறிவித்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க. அவள் மைந்தர் எந்நாட்டில் இருப்பினும் நலம் பெற்று வாழ்க.